படியளக்கிறவளும் படி வாங்குகிறவளும்

மே மாதம் இரண்டாவது ஞாயிறன்று திருப்பூரில் ஏதாவது ஒரு சபைக்குள் போய் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரம்தான் பிரசங்கமாக இருக்கும். பத்தாம் வசனத்தில் தொடங்குவார்கள். குணசாலியான ஸ்திரீ யார், அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை வேலை செய்தாள், புருஷனுக்கு எப்படிப் பேர் வாங்கிக் கொடுத்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்போது முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நானும் அழுதிருக்கிறேன்.

நான் வளர்ந்த சபை, ஒரு நூல் குடோனின் மாடியில் வாடகைக்கு எடுத்த ஹால். கீழே நூல் மூட்டை, மேலே அல்லேலூயா. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அந்தப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள்: கைமடி, செக்கிங், பிசிறு வெட்டுகிறவர்கள், பேக்கிங், பிறகு ஓவர்லாக்கும் பேட்லாக்கும் ஓட்டப் பழகிய டெய்லர்கள். தெற்கே மழை பொய்த்து, கிணறு வற்றிப் பஸ் ஏறி வந்தவர்கள் பலர். எங்கள் அம்மாவும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து அப்படி வந்தவள்தான். வந்த ஊரில் அவளுக்கு யாரையும் தெரியாது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் இடம் அந்தச் சபை. தம்பிக்கு மூளைக்காய்ச்சல் வந்த ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருந்தது சபைப் பெண்கள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே நின்று கல்லெறிய நான் வரவில்லை.

அந்தச் சபையில் ஒரு வருஷம் அன்னையர் தினத்தில் அம்மாவுக்கு 'குணசாலியான ஸ்திரீ' என்று எழுதிய ஷீல்டு கொடுத்தார்கள். பாஸ்டர் மைக்கில் சொன்னார்: "நம்ம சகோதரி ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு, ராத்திரி எட்டரைக்கு மேல வந்து, சமையலையும் முடிச்சு, வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்துக்கும் வந்துருவாங்க. இரவிலே இவங்க விளக்கு அணையறதே இல்ல." எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஷீல்டை வாங்கினாள்.

அதற்கு ஏழு மாதத்துக்கு முன்னால், அவள் பன்னிரண்டு வருஷமாகச் செக்கிங்கில் இருந்த கம்பெனி ஒரே நாளில் மூடப்பட்டிருந்தது. மூன்று வாரச் சம்பளம் பாக்கி. தீபாவளி போனஸ் பாக்கி. முதலாளி எங்கள் சபையின் கமிட்டியில் இருந்தவர். ஷீல்டு கொடுக்கும்போதும் மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அம்மா பாஸ்டரிடம் போய், ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன் என்று கேட்டிருந்தாள். அவர் 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து, விசுவாசி விசுவாசி மேல் வழக்குக்குப் போகக் கூடாது என்று வாசித்துக் காட்டி, ஜெபம் பண்ணி அனுப்பினார். அம்மா லேபர் ஆபீசுக்குப் போகவில்லை.

நான் இப்போது கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ஒரு பாட்டை எடுத்தால் யார் சொல்வது, யாரிடம் சொல்வது, எந்தச் சூழலில் சொல்வது என்று பிள்ளைகளை முதலில் கேட்கச் சொல்வது என் தொழில். இந்தக் கேள்விகளை நீதிமொழிகள் 31-இடம் கேட்க எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

சொல்வது யார்? ஒரு பெண். அதிகாரத்தின் முதல் வசனமே, இது லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவன் தாய் சொல்லிக்கொடுத்தது என்கிறது. பத்தாம் வசனத்திலிருந்து வரும் பாட்டும் அந்தத் தாய் சொன்னதுதானா, பிறகு சேர்ந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நமக்குக் கையில் கிடைப்பது இரண்டும் சேர்ந்த ஒரே அதிகாரம். பிரசங்கிகள் தாண்டிப் போகும் 8, 9 வசனங்களில் அந்தத் தாய் மகனிடம் கேட்பது இது: வாய் பேச முடியாதவனுக்காக நீ வாயைத் திற, ஏழையின் வழக்கை நீ எடுத்துப் பேசு. அதாவது குணசாலியைத் தேடுவதற்கு முந்திய பாடம், நியாயம் தீர்க்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆணுக்கானது. அன்னையர் தினப் பிரசங்கம் எதுவும் எட்டாம் வசனத்தில் தொடங்கி நான் கேட்டதில்லை.

10 முதல் 31 வரை 22 வசனங்கள். எபிரெய எழுத்துகள் 22. வசனத்துக்கு ஓர் எழுத்தாக வரிசையாகத் தொடங்கும். நம் ஆத்திசூடியைப் போல மனப்பாடத்துக்கு ஏற்ற வடிவம். அதில் ஐந்து வசனங்கள் நூலும் துணியுமாக இருப்பதைத் திருப்பூர்க்காரி கவனிக்காமல் இருக்க முடியாது. ஆட்டுமயிரும் சணலும் தேடுகிறாள், கதிர் பிடிக்கிறாள், வீட்டாருக்கு நல்ல துணி உடுத்துகிறாள், தனக்கு மெல்லிய துணி செய்துகொள்கிறாள், செய்ததை வியாபாரிகளிடம் விற்கிறாள். ஸ்பின்னிங்கிலிருந்து எக்ஸ்போர்ட் வரை எல்லாம் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது.

சரி, இதில் எங்கள் அம்மா எங்கே இருக்கிறாள்?

பிரசங்கம் அவளைக் குணசாலியின் இடத்தில் உட்கார வைக்கிறது. பாட்டு அப்படி வைக்கவில்லை. குணசாலி நிலத்தைப் பார்த்து விலை பேசி வாங்குகிறாள். தோட்டம் போடுகிறாள். அவள் புருஷன் ஊர்ப் பெரியவர்களோடு வாசலில் உட்கார்கிறவன். இவள் முதலாளி. கிறிஸ்டீன் ராய் யோடர் என்ற விவிலிய ஆய்வாளர் 2001-இல் வெளியிட்ட நூலில், பாரசீக ஆட்சிக் காலத்தில் சொத்தும் தொழிலும் கையில் வைத்திருந்த வசதியான பெண்களின் வாழ்க்கையிலிருந்துதான் இந்தச் சித்திரம் எடுக்கப்பட்டிருக்கிறது என்று விரிவாகக் காட்டுகிறார். எங்கள் அம்மாவைப் போன்றவள் இந்தப் பாட்டில் ஒரே இடத்தில்தான் வருகிறாள், பதினைந்தாம் வசனத்தின் கடைசியில். அங்கே குணசாலி தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்.

இந்த வேலைக்காரிகளைப் பற்றி நான் ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. அவர்களும் இருட்டோடுதான் எழுந்திருக்க வேண்டும். விளக்கு அணையாத வீட்டில் அவர்களும் தூங்கியிருக்க முடியாது. ஆனால் அவர்களைப் பிள்ளைகள் எழுந்து வாழ்த்தவில்லை.

'படியளக்கிறாள்' என்று தமிழில் வைத்தவர், தஞ்சாவூர்ப் பண்ணையையும் திருநெல்வேலி வயற்காட்டையும் பார்த்தவராக இருந்திருக்க வேண்டும். நம் காதுக்கு அது வெறும் சோறு போடுவதல்ல. களத்தில் நெல்லை அளந்து போடும் கையையும், துண்டை விரித்துக் குனிந்து நிற்கும் உடம்பையும் சேர்த்தே காட்டும் சொல் அது. கடவுளுக்கும் நாம் அதையே சொல்கிறோம், படியளக்கிறவன் என்று. எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல் 'ஹோக்'. பங்கு, அளவு, நியமித்தது என்று பல பொருள் உண்டு. யாத்திராகமம் 5:14-இல் பார்வோனின் ஆட்கள் இஸ்ரவேலரை அடித்து, ஏன் இன்று உங்கள் அளவுப்படி செங்கல் அறுக்கவில்லை என்று கேட்கும்போதும் இதே சொல்தான் வருகிறது. அதனால் குணசாலி விடியுமுன் எழுந்து வேலைக்காரிகளுக்கு அளந்தது சாப்பாடா, அன்றைய வேலையா என்று உரைகாரர்கள் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். ஒரு மணிநேரத்துக்கு இத்தனை பீஸ் என்று கரும்பலகையில் எழுதிப் போடும் லைனில் நின்றவளுக்கு இரண்டாவது பொருள் சட்டென்று புரியும். எங்களுக்கு அதற்குப் பெயர் டார்கெட்.

திருப்பூருக்குப் படி என்ற சொல் புதிதல்ல. 1984-இல் இந்த ஊர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது பஞ்சப்படிக்காக. அளந்து போடுகிறவர் மனசு வைத்தால் வரும் படி ஒன்று, விலைவாசி ஏறினால் சட்டப்படி ஏற வேண்டிய படி இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வர நான்கு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்த ஊர் இது. அந்தச் சரித்திரம் சபையின் காம்பவுண்டுக்குள் வரவே இல்லை.

அடுத்து 'குணசாலி' என்ற சொல். எபிரெயத்தில் 'ஏஷெத் ஹயில்'. ஹயில் என்றால் பலம், வலிமை, படை, செல்வம். நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நியாயாதிபதிகள் 6-இல் தேவதூதன் கிதியோனை இந்த ஹயிலை வைத்து அழைக்கும்போது தமிழில் அவன் பராக்கிரமசாலி. ரூத் 2-இல் போவாசுக்கு இதே சொல் வரும்போது அவன் ஆஸ்திக்காரன். அடுத்த அதிகாரத்தில் அதே ரூத்துக்கு வரும்போது அவள் குணசாலி. ஆணுக்குத் தோளிலும் பெட்டியிலும் இருந்த பலம், பெண்ணிடம் வந்ததும் குணமாகிவிட்டது. குணம் நல்ல சொல்தான். ஆனால் குணத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

சீகன்பால்க், பப்ரிசியஸ், ரேனியஸ், பவர் என்று தமிழ் வேதாகமத்தின் மொழிபெயர்ப்புச் சரித்திரத்தில் நாம் படிக்கும் பெயர்களெல்லாம் ஆண்களுடையவை. மராத்தியில் பண்டித ரமாபாய் எபிரெயமும் கிரேக்கமும் கற்று முழு வேதாகமத்தையும் தானே மொழிபெயர்த்தார். 1922-இல் அவர் இறந்தபின் 1924-இல் அது வெளிவந்தது. அச்சு வேலை பார்த்தவர்கள் அவருடைய முக்தி இல்லத்துப் பெண்கள். அப்படி ஒரு கை தமிழில் பட்டிருந்தால் நம் அம்மாக்கள் பராக்கிரமசாலிகளாக இருந்திருப்பார்களோ என்னவோ. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "அப்பவும் ஷீல்டுதான் மேடம் குடுத்திருப்பாங்க" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சொல் மாறினால் மட்டும் சம்பளம் வந்துவிடாது.

பெண்ணின் உழைப்புக்குப் பட்டம் கொடுப்பதைச் சபை மட்டும் செய்யவில்லை. இதே வட்டாரத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்ததே! வயசுக்கு வந்த பெண்களை ஹாஸ்டலில் வைத்து மூன்று வருஷம் வேலை வாங்கி, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை தருகிறோம் என்றார்கள். நடுவில் விட்டுப் போனால் அந்தத் தொகை கிடைக்காமல் போனவர்கள் ஏராளம். நெதர்லாந்திலிருந்து இரண்டு அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட 'கேப்சர்டு பை காட்டன்' என்ற அறிக்கைக்குப் பிறகுதான் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இது உறைத்தது. அவளுக்குச் சேர வேண்டிய கூலியையே பிடித்து வைத்து, அதற்குச் சுமங்கலி என்று பெயர் வைக்க ஒரு தைரியம் வேண்டும். சுமங்கலி, குணசாலி இரண்டும் கும்பிடுவது போலக் கும்பிட்டு வேலை வாங்கும் சொற்கள்.

உழைப்பைப் புகழ்வது இந்த ஊரின் மதம் என்றே சொல்லலாம். ஷரத் சாரி 2004-இல் எழுதிய 'ஃப்ரெட்டர்னல் கேபிடல்' திருப்பூரைப் பற்றிய முக்கியமான புத்தகம். விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளியாக வந்து முதலாளியான கவுண்டர் ஆண்கள், தாங்கள் மேலே வந்ததற்கு ஒரே காரணமாகச் சொன்னது 'உழைப்பு' என்று அவர் எழுதுகிறார். அந்த உழைப்பு ஆண்களில் சிலரை மாடிக்கு ஏற்றியது. அம்மா பன்னிரண்டு வருஷம் உழைத்தாள். ஏறியது கண்ணாடியின் பவர்தான். சபைக்கு வந்தபோது அதே சொல்லுக்கு வசன எண் கிடைத்துவிட்டது. சாட்சி சொல்லும் நேரத்தில் அக்காக்கள் எழுந்து நின்று, இந்த வாரம் ஏழு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கக் கர்த்தர் பலன் கொடுத்தார் என்று நன்றி சொல்வார்கள். ஏழு நாளா என்று ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஓய்வுநாள் பத்துக் கட்டளைகளில் ஒன்று. வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் சேர்த்துத்தான் அங்கே ஓய்வு சொல்லப்படுகிறது. ஷிப்மெண்ட் அவசரம் என்று கம்பெனி ஞாயிற்றுக்கிழமையும் திறந்தால், சபை என்ன செய்கிறது? ஆராதனையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்கிறது.

சபை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 'ஊழியம்' என்று இன்று நாம் பக்தியோடு சொல்லும் சொல்லுக்குத் தெற்கே ஒரு கசப்பான பொருள் இருந்தது. திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் ஒடுக்கப்பட்ட சாதியார் சர்க்காருக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவர்களான ஏழைகளை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு இழுக்கக் கூடாது என்று மிஷனரிகள் அதிகாரத்தோடு மல்லுக்கு நின்று விலக்கு வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பது அன்று ஆராதனைக்கான நேரம் மட்டுமல்ல, கூலியில்லா வேலையிலிருந்து ஓர் உடம்பு தப்பும் நாள். அந்த மக்களின் பேத்திகள் சிலர் இன்று திருப்பூரில் ஞாயிறு முழுக்கச் செக்கிங் டேபிளில் நிற்கிறார்கள். ஊழியம் செய்கிற ஐயா சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்களுக்காகக் காத்திருக்கிறார்.

சபைக்குள் பெண்கள் கொடுப்பதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சம்பளக் கவர் வந்ததும் அம்மா முதலில் செய்வது தசமபாகத்தை எடுத்துத் தனியே வைப்பது. கன்வென்ஷனுக்கு வெங்காயம் உரிப்பது, ஹாலைக் கூட்டுவது, பாய் விரிப்பது எல்லாம் பெண்கள் ஐக்கியம். கணக்குப் பார்ப்பது கமிட்டி. கமிட்டியில் பெண் கிடையாது. தென்னிந்தியத் திருச்சபையில் 2013-லேயே புஷ்ப லலிதா நந்தியாலுக்குப் பேராயரானார் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு எங்கள் பாஸ்டரம்மா, "அதெல்லாம் பெரிய சபைம்மா" என்று முடித்துவிட்டார். அவரும் பாவம். காலை நாலு மணி ஜெபத்திலிருந்து ராத்திரி வீடு சந்திப்பு வரை அவர் செய்யும் வேலைக்கும் சம்பளம் இல்லை.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அம்மாவிடம் இந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துக் காட்டினேன். 31-ஆம் வசனம் வந்தது. அவள் கைகளின் பலனை அவளுக்குக் கொடுக்கும்படி சொல்லும் வசனம். அம்மா கொசுவத்தியைப் பற்ற வைத்துக்கொண்டே கேட்டாள்: "கொடுங்கன்னு யாரப் பாத்துட்டி சொல்லுது?"

நான் அசந்துபோனேன். எபிரெயத்தில் அது பன்மையில் வரும் ஏவல், ஆண்பால். கேட்கிறவர்கள் யாரென்று வசனம் பெயர் சொல்லவில்லை. ஆனால் அதன் பின்பாதியில் வாசல்கள் வருகின்றன. வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று 23-ஆம் வசனம் ஏற்கெனவே சொல்லிவிட்டது: ஊர்ப் பெரியவர்களும் அவள் புருஷனும். வாசல் அந்தக் காலத்துக் கோர்ட்டு. ரூத்தின் வழக்கைப் போவாஸ் பேசி முடித்ததும் ஊர் வாசலில்தான். 21 வசனம் வரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டு, கடைசியில் ஆண்கள் பக்கம் திரும்பி, எடுத்து வையுங்கள் என்கிறது. நாம் அதைக் கை தட்டலாக மாற்றிக்கொண்டோம். குணசாலிக்கே வாய் திறந்து கேட்டுக் கொடுக்க வேண்டியிருந்தால், அவளிடம் படி வாங்கிய வேலைக்காரிக்கு யார் கேட்பது? அதற்கு இந்தப் பாட்டில் பதில் இல்லை. அதை மூடி மறைத்து வாசிக்க எனக்கு மனமில்லை. வேலைக்காரிக்கான வசனங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. கூலியைப் பொழுது சாயுமுன் கொடு என்கிறது உபாகமம் 24. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தரின் காதுக்கு எட்டிவிட்டது என்கிறது யாக்கோபு 5:4. அன்னையர் தினத்தில் இவற்றை வாசித்தால் பாதி சபை கமிட்டியைத் திரும்பிப் பார்க்கும்.

பெண்களே வாசலுக்குப் போனதும் நடந்திருக்கிறது. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் 2022 ஏப்ரலில், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் ஏற்றுமதி நிறுவனத்தோடு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' போட்டது. வேலையிடத்தில் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான ஒப்பந்தம். ஒரு தொழிலாளிப் பெண்ணின் சாவுக்குப் பிறகுதான் அது வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அம்மாவுக்குப் பிடித்தவள் குணசாலி அல்ல, தொற்காள். அப்போஸ்தலர் 9-இல் வரும் யோப்பா ஊர் டெய்லர். புதிய ஏற்பாட்டில் 'சீஷி' என்று பெண்பாலில் சொல்லப்பட்ட ஒரே ஆள். அவள் செத்துக் கிடக்கும்போது விதவைகள் அவள் தைத்துக் கொடுத்த துணிகளைப் பேதுருவிடம் தூக்கிக் காட்டி அழுகிறார்கள். "பாரு, ஒருத்தியும் அவ குணத்தச் சொல்லல. தச்சதக் காட்டுதாளுவ" என்பாள் அம்மா. இந்த வாசிப்பை நான் எந்த உரைநூலிலும் பார்க்கவில்லை.

1 கொரிந்தியர் 6-ஐயும் அன்று ராத்திரி சேர்த்தே வாசித்தோம். வழக்குக்குப் போகாதே என்பதோடு பாஸ்டர் மூடிவிட்டார். ஐந்தாம் வசனத்தில் பவுல், சகோதரருக்குள் நியாயம் தீர்க்க உங்களில் விவேகி ஒருவன்கூட இல்லையா என்று சபையைப் பார்த்து வெட்கப்படுத்துகிறார். எட்டாம் வசனத்தில், நீங்களே அநியாயம் செய்கிறீர்கள், அதுவும் சகோதரருக்கே என்கிறார். அம்மா அந்த இரண்டு வசனத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் பாஸ்டரிடம் போய், அந்த அதிகாரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் பிரசங்கியுங்கள் ஐயா என்று கேட்டிருக்கிறாள். பார்க்கலாம்மா என்றாராம். அதற்கப்புறம் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். மூன்று வாரச் சம்பளம் இன்னும் வரவில்லை.